சம்பந்தியை டீ குடிக்கச் சொல்

கண்ணு,

சௌக்கியம் விசாரிப்பதை எல்லாம் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, முதலில் உன் அப்பனின் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இரண்டு வருசமாக நீ எனக்குப் போன் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. உன் அம்மாவிடம் நீ பேசும்போது பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒட்டுக் கேட்பதோடு என் பாசம் நின்றுபோயிருந்தது. இப்போது எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். காரணம் சொல்கிறேன். மறைவாகச் செய்த தப்புக்கு மறைவாக மன்னிப்புக் கேட்கலாம். நான் மைக் பிடித்துச் செய்தவன். காதோடு காதாக வந்து கேட்டால் அது மன்னிப்பு இல்லை, தப்பித்துக்கொள்வது. உன் அம்மாவை விட்டு உன்னிடம் கேட்கச் சொன்னேன். "எழுதட்டும், ஆனா பொய் எழுதக் கூடாது" என்றாயாம். என்னைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு கொடுமையான நிபந்தனை என்று உனக்குத் தெரியும்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. உன் மீது இல்லை, இசக்கி மீதும் இல்லை. சித்திரபுரத்தில் டீ பாக்டரியில் முப்பது வருசம் வேலை பார்த்து ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் அவனுடைய அப்பா சுடலைமுத்து மீது. நீ ரிசார்ட் வேலைக்கு மலையேறி, டூரிஸ்டுகளை மலைமேல் கூட்டிப்போகிற அந்த இசக்கியோடு சேர்ந்து வீடெடுத்த பிறகு, பொங்கலுக்கு ஊட்டுக்கு வருவாய் என்று நானும் உன் அம்மாவும் கரும்பை வாசலில் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். நீ வரவில்லை. போட்டோ வந்தது. அவர்கள் வீட்டு வாசலில் பொங்கல் பானைக்குப் பின்னால் நிற்கிறாய், பச்சைக் கலரில் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு. இசக்கியின் அம்மா கையால் பின்னியதாம். உன் தோளில் அந்த மனுசன் கை போட்டிருக்கிறார். அந்தக் கையைத்தான் நான் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். பத்தாவது படிக்கையில் உன் தோளில் கை போட வந்தபோது "வேர்க்குதுப்பா" என்று தட்டிவிட்டவன் நீ. அங்கே குளிராம், அதனால் பரவாயில்லையாம். உன் அம்மா கூட அந்தக் கம்பளிச் சட்டையைத்தான் வெகுநேரம் பார்த்தாள். "கழுத்துப் பக்கம் கோணலா இருக்குதுங்க" என்றாள். குற்றம் கண்டுபிடிப்பதில் எங்கள் ஜோடிப் பொருத்தம் அப்படி.

போட்டோவோடு ஒரு வீடியோவும் வந்தது. அதில் அவர் உன்னை "ஏய்யா, இன்னும் ரெண்டு கரண்டி வாங்கிக்கய்யா" என்கிறார். நீ சிரிக்கிறாய். உன்னை நான் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தபோது உனக்குக் கழுத்தே நிற்கவில்லை. எங்கிருந்தோ வந்த ஒருவர் 'ஏய்யா' என்றதும் குழைந்து நிற்கிறாயே என்று எனக்கு அன்றைக்குப் பொங்கல் இறங்கவில்லை. சரி, பொய் எழுதக் கூடாது என்றாயே. இறங்கியது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் ருசிக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆடியிலேயே விசயம் எனக்குத் தெரியும். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ அம்மாவிடம் போனில் சொன்ன அன்று சாயங்காலம், அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டே, "அவனுக்கு அங்கியே அமைஞ்சிருச்சுங்க" என்றாள். யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்டேன். "பொண்ணில்லீங்க" என்றாள். அடுத்த காயை எடுத்தாள். நான் எழுந்து போய், ஓடாத மோட்டாரை ஓடுகிறதா என்று அரைமணி நேரம் பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த விவாதம். தில்லியில் பெரிய நீதிபதிகள் நாள் கணக்காகக் கேட்ட வழக்கை நாங்கள் ஒரு முறம் அவரைக்காயில் முடித்துக்கொண்டோம்.

இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே இப்போது தெரிவதில்லை என்பதால், உன் அப்பன் யார் என்று படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கேரளாவுக்குள் இருந்தாலும், கொல்லங்கோட்டுப் பக்கம் எங்கள் தமிழ்ச் சனத்தில் கல்யாணத்துக்கு ஐயர் கிடையாது. அருமைக்காரர் என்று ஒருவர் இருப்பார். பெண்டாட்டி உயிரோடு இருக்க வேண்டும், பிள்ளை பெற்றிருக்க வேண்டும், அதற்கென்று ஒரு சீர் செய்து பெரியவர்கள் கை காட்டியிருக்க வேண்டும். படிப்போ அறிவோ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் அருமைக்காரன். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால் போவேன். உப்பும் சர்க்கரையும் மாற்றி நிச்சயம் பண்ணுவதில் தொடங்கித் தாலி எடுத்துக் கொடுப்பது வரை என் கை படாமல் இந்தச் சுற்று வட்டாரத்தில் கல்யாணம் இல்லை. பழனிச்சாமி, எனக்கு மருமகன் முறை, அவன் மூன்று பிள்ளைகளுக்கும் நான்தான் நடத்தினேன். ஒவ்வொரு பந்தலிலும் மாப்பிள்ளையின் அப்பன் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். எனக்கு அது எப்போது என்று மனசுக்குள் நாள் எண்ணுவேன். ஊர்க் கல்யாணத்தை எல்லாம் பொறாமையோடு நடத்தி வைத்த ஒரே அருமைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தப் பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில் பழனிச்சாமி ஒரு மனுவோடு வந்தான். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வதை எந்தக் காலத்திலும் அனுமதிக்கக் கூடாது, சட்டம் போட்டே தடுத்துவிட வேண்டும் என்று தில்லிக்கு எழுதிய மனு. மண்டபத்தில் கூட்டம். முதல் கையெழுத்து அருமைக்காரருடையதாக இருந்தால் கனமாக இருக்கும் என்றான். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு நிற்குமா? "ரெண்டும் மாப்பிள்ளையா இருந்தா நான் தாலிய யாரு கைல குடுக்கறது? காசு சுண்டிப் பாத்துக் குடுக்கட்டுமா?" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அது. அந்த வீடியோவும் மலையேறிப் போய் உன் போனில் விழுந்தது. நீ ஒரே வரி அனுப்பினாய். "அப்பா, நல்லாச் சிரிக்க வெச்சீங்க." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

உன்னைப் பற்றித் தெரிந்துகொண்டே அதைச் சொன்னேன். தெரியாத்தனமாக நடந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பொய்யை இங்கே இறக்கி வைக்கிறேன். சட்டம் என்ன ஆகும் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து இல்லை அது. அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையை நினைத்துப் போட்ட கையெழுத்து. அந்த மனுவில் கீழே எத்தனையோ கையெழுத்து இருந்தது. அதில் எத்தனை பேர் உண்மையிலேயே பண்பாட்டுக்காகப் போட்டார்கள், எத்தனை பேர் மகன் பொங்கலுக்கு வராத கோபத்தில் போட்டார்கள் என்று எந்த அரசாங்கம் எண்ணப் போகிறது? நேற்று வந்த பழனிச்சாமியிடம் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "போனது போனதுதானுங்க மாமா, வில்லுல இருந்து அம்பு போயிருச்சு" என்றான். அதனால் இந்தக் கடிதத்தை என் இரண்டாவது கையெழுத்தாக வைத்துக்கொள்.

கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு இந்த ஊர் டீக்கடையில் எல்லோரும் வக்கீல். கல்யாணம் பண்ணிக்கொள்வது அவர்களுக்கு உரிமை இல்லை, அதையெல்லாம் பார்லிமெண்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், அதோடு கதை முடிந்தது என்றான் ஒருவன். முடியவில்லை, தடை என்று யாரும் சொல்லவில்லை, சேர்ந்து வாழ்வதைக் குற்றம் என்றும் சொல்லவில்லை என்றான் இன்னொருவன். டிவியில் ஒருவர், இதெல்லாம் நகரத்து மேட்டுக்குடிக்காரர்கள் கொண்டுவந்த விசயம் என்று அடித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொல்லங்கோட்டில் மாந்தோப்புக்கு மருந்தடிக்கிறவன் மகனும், எஸ்டேட் லயத்தில் ஒற்றை அறையில் பிறந்தவனும் மேட்டுக்குடியாம். மேட்டில் குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் வாஸ்தவம்.

சட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. நானும் ஒருமுறை கல்யாணம் ஆகாதவனாக நின்றிருக்கிறேன். நீ காலேஜ் படிக்கும்போது, உன் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் கல்யாணத்தை யார் பதிந்தது? பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். பழைய போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் கல்யாணத்துப் போட்டோக்காரர் ரோலில் வெளிச்சம் பட்டு, தப்பியது ஒன்றே ஒன்று. அது கைகோர்வை. தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணின் அண்ணனையும் எதிரெதிரே உட்கார வைத்து அருமைக்காரர் இருவர் கையையும் கோத்துவிடுவார். வாழ்த்துப் பாட்டு முடிகிற வரைக்கும் விடக் கூடாது. அந்தப் படத்தில் நானும் உன் பெரிய மாமனும் கைகோத்து உட்கார்ந்திருக்கிறோம். அவன் அந்தக் காலத்திலேயே வெட்கக்காரன். மீசையை வைத்துக்கொண்டு புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்திருக்கிறான். ஆபீசில் இருந்த பிள்ளை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "சேட்டா, இதில் பார்ய எவிடெ?" என்றது, பெண்டாட்டி எங்கே என்று. உன் அம்மா என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அந்நேரத்துக்கு நான் உள்ள பட்டினியில அழுதுட்டு உக்காந்திருந்தேனுங்க" என்றாள். இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டார்கள், கல்யாணம் பதிவாகிவிட்டது. ஆக, இரண்டு ஆம்பளைகள் கைகோத்த படத்தை ஆதாரமாக வைத்து அரசாங்கம் ஒத்துக்கொண்ட கல்யாணம் ஒன்று இந்த நாட்டில் உண்டு கண்ணு. அது உன் அப்பனுடையது. இந்த லட்சணத்தில் நான்தான் மைக் பிடித்தேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் ஒரு போன். "வணக்கம்ண்ணே, நான் சித்திரபுரத்துல இருந்து சுடலைமுத்து பேசுதேன்." அடுத்த மாதம் வீட்டோடு ஒரு சின்ன விசேசம் வைத்திருக்கிறோம், சட்டப்படி அது கல்யாணம் இல்லை என்று எங்களுக்கும் தெரியும், ஆனாலும் பிள்ளைகள் சும்மா மாலை மாற்றிவிட்டுப் போகக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். பிறகு, "உங்க மவனுக்கு உங்க முறைப்படி ஒரு கொறையும் வந்துரப்படாதுண்ணே. நீங்க வர மாட்டியன்னு அவன் சொல்லிட்டான். முறையை மட்டும் சொல்லுங்க, நான் எழுதிக்கிட்டு நானே நின்னு செஞ்சிருதேன்" என்றார்.

நினைத்துப் பார். என் மகனுக்கு, என் வேலையை, அவர் செய்யப் போகிறாராம். அதற்கு என்னிடமே பாடம் கேட்கிறார். எனக்கு அடிவயிற்றிலிருந்து நெஞ்சு வரைக்கும் பற்றிக்கொண்டு எரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அத்தனையும் தப்பாகச் சொன்னேன். முதலில் வர வேண்டிய உப்புச்சக்கரையைக் கடைசியில் வைத்தேன். கிழக்கே பார்த்து உட்கார வேண்டியதைத் தெற்கே பார்த்து என்றேன். மாப்பிள்ளையை அவன் கூடப்பிறந்தவளோடு உட்கார வைத்துக் கூரைச்சேலையின் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்கிற இணைச்சீர் தேவையே இல்லை என்றேன். உன் அக்கா கேட்டால் என்னைக் கொன்றுவிடுவாள். கைகோர்வை என்று ஒன்று இருப்பதையே சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மாப்பிள்ளையைப் பெற்ற தகப்பன் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முந்தியே டீ காபி விட்டுவிட வேண்டும், வாயில் ஒரு சொட்டு படக் கூடாது, அதுதான் முக்கியம் என்று அந்த நிமிசத்தில் ஒரு விரதத்தைக் கண்டுபிடித்தேன். வாழ்நாளெல்லாம் டீத்தூளை மூச்சில் இழுத்த மனுசன். கொஞ்சம் தயங்கினார். "சரிண்ணே, செஞ்சிருதேன்" என்றார். வரிசையைத் திருப்பி ஒருமுறை ஒப்பித்தார். நான் பொறுமையாகக் கேட்டுச் சரி என்றேன். போனை வைத்த பிறகு ஒரு வாரம் நல்ல தூக்கம்.

முந்தாநாள் அவர் வீட்டம்மா போன் பண்ணினாள். நான்தான் எடுத்தேன். "அண்ணே, தப்பா எடுத்துக்காதிய. அவுக டீயை விட்டு அஞ்சு நாளாச்சு. தலையில துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு சுருண்டு கெடக்காக. மாத்திரைக்கும் கேக்கல. வெந்நி மட்டும் குடிச்சிக்கிடலாமான்னு உங்ககிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னாக." அவரைக் கொடுக்கச் சொன்னேன். குரலே இல்லை. ஒரு வாய் டீ குடித்தால் என்ன என்று கேட்டேன். "வேண்டாம்ண்ணே" என்றார். "சட்டம்தான் செல்லாதுங்குது. முறையாவது செல்லணும்லா. என்னால கொறையாயிரப்படாது."

விரதமே பொய் என்று சொல்ல வாயெடுத்து, "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று முடித்தேன். உன் அம்மா போனை வாங்கி வைத்துவிட்டு, என்னவென்று கேட்டாள். சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பீரோவைத் திறந்தாள். உள்ளே ஒரு பை தயாராக இருந்தது. உனக்கும் இசக்கிக்கும் ஒரே கரை வேட்டி இரண்டு, உன் அக்காவுக்கு ஒரு கூரைச்சேலை. இரண்டு மாதமாக இருக்கிறதாம். "நீங்க வந்தாலும் வராட்டியும் நான் போறதா இருந்தேனுங்க" என்றாள். "முப்பத்தி ரெண்டு வருசமா உங்களுக்குப் பயந்தேன்னா நெனச்சீங்க? பாவப்பட்டேன்."

கல்யாணம் பற்றி அப்பன் மகனுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி என்று ஒன்று இருந்தால் இதுதான் கண்ணு. உன்னோடு வாழ்கிறவன் பீரோவில் என்ன வைத்திருக்கிறான் என்று அவ்வப்போது பார்த்துக்கொள். இன்னொன்று, சண்டை வந்தால் ஜோக் அடிக்காதே. நம் வம்சத்துக்கு அது வாகாக வரும், அதனால்தான் சொல்கிறேன். ஜோக்குக்குச் சிரிக்கிற கூட்டம் சிரித்துவிட்டுப் போய்விடும். கேட்க வேண்டியவன் மலைமேல் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

நேற்றுப் பழனிச்சாமி வந்தான். எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறான். "மாமா, நீங்க அங்க போய் நின்னீங்கன்னா, அப்புறமேல்ட்டு நம்ம சனத்துல யாரும் உங்களுக்கு வெத்தலை வெக்க மாட்டாங்கொ" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு. அவன் தம்பி மகளுக்குத் தை மாசம் கல்யாணம். நான் நடத்துவதாக இருந்தது. இருபது வருசம் பந்தலில் முதல் மரியாதை வாங்கிய ஆள் நான். பொய் எழுதக் கூடாது என்பதால் சொல்கிறேன், ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே. ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஊரான் வீட்டுப் பந்தலில் எல்லாம் என் கை பட்டுவிட்டது. என் வீட்டுக் கல்யாணம் ஒன்று பாக்கி. அதைத் தெற்கே பார்த்து நடத்த விட்டுவிட்டு, தை மாசம் பழனிச்சாமி வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்?

அதனால் வருகிறேன். அங்கே வந்து நான் நடத்தி வைத்தாலும் பஞ்சாயத்துக் கல்யாணப் பதிவேட்டில் உன் பேருக்குப் பக்கத்தில் அவன் பேர் ஏறாது, ஆஸ்பத்திரியில் கேட்டால் உறவு என்ன என்று எழுத இடம் இருக்காது. எனக்குத் தெரியும். அதை மாற்ற என் கையில் அதிகாரம் இல்லை. இனி மைக் கிடைத்தால் அதைத்தான் பேசுவேன். யாரும் எனக்கு மைக் தரமாட்டார்கள், அது வேறு. என் கையில் இருப்பது வரிசை. அதைச் சரியாகச் செய்துவிடுகிறேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக வருகிறோம், நானும் அம்மாவும் அக்காவும்; கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போகத் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டியிருக்கிறது, நானும் உன்னிடம் வர அப்படித்தான் சுற்றி வந்திருக்கிறேன். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாத இடத்துக்கு அருமைக்காரன் போகக் கூடாது என்பது முறை. இந்த ஒரு முறையை மட்டும் நான் மீறிக்கொள்கிறேன். கிழக்கே பார்த்து இடம் ஒழித்து வை. தாலி யார் கையில் என்பதை நீங்கள் இருவரும் பேசி வையுங்கள். காசு சுண்ட மாட்டேன். கைகோர்வைக்கு மட்டும் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஆரம்பத்திலிருந்தே அது இரண்டு ஆம்பளைகள் கைதான்.

உன் அம்மா இதை இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவாள். படித்த உடனே எழுந்து போய் முதலில் சுடலைமுத்தண்ணனை டீ குடிக்கச் சொல். விரதம் நான் கட்டியது, நானே அவிழ்க்கிறேன் என்று சொல். கூடவே உண்மையையும் சொல்லிவிடு. எதிரே நின்று நானே சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. அவர் சிரித்தால் நான் பிழைத்தேன். சிரிக்காவிட்டால் பத்து நாள் நான் டீ இல்லாமல் கிடக்கிறேன், கணக்கு நேராகட்டும்.

பதிலுக்கு ஒன்று கேட்பேன். கல்யாணம் கழிந்து வருகிற முதல் நோம்பிக்கு, அது பொங்கலோ தீபாவளியோ, நீங்கள் இரண்டு பேரும் எங்கள் ஊட்டுக்குத்தான் வர வேண்டும். வெயில்தான், வேர்க்கும்தான், பரவாயில்லை. இசக்கிக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவேன். அவன் தோளில் கை போட்டு, கண்ணு, கண்ணு என்று கூப்பிடுவேன். அதை நீ வீடியோ எடுத்துச் சித்திரபுரத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மனுசனுக்கும் கொஞ்சம் எரியட்டும்.

உன் அப்பன்